அசாம்காரர் ஆட்டோ

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பதினேழு வயதில் வலிப்பு வந்தது. சைக்கிள்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையில் வலிப்பு நின்று பல வருடங்கள் ஆகியும் பயம் நிற்கவில்லை. குற்றாலத்தில் எங்கள் தெருவில் வண்டி ஓட்டாத ஆம்பளை நான் ஒருவன்தான். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதால் பிழைப்புக்கு அது இடைஞ்சலாக இல்லை. வெளியே போக வேண்டுமென்றால் மனைவி ஸ்கூட்டி ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். யாராவது கேலி செய்தால், "அவுக சாமி, நான் வாகனம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது நாலு வருடத்துக்கு முன்னால். ஸ்கூட்டியை விற்றோம். செவ்வாயும் சனியும் தென்காசியில் டயாலிசிஸ். காலையில் போகும்போது எப்படியோ போய்விடுவாள். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வரும்போது பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியாது. ஆட்டோதான். மற்ற மாதங்களில் ஐந்து கிலோமீட்டர் ஒன்றும் பெரிய தூரமில்லை. சீசன் வந்துவிட்டால் அதுவே பெரிய தூரம். எல்லா ஆட்டோவும் ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும். ஸ்டாண்டில் போய் நின்று கெஞ்சினால், "அண்ணாச்சி, சீசன் மூணு மாசந்தான. இதுல ஓடலன்னா நாங்க என்ன செய்ய?" என்பார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை நின்றுகொண்டிருந்தபோதுதான் அசாம்காரரைப் பார்த்தோம். முப்பது வயது இருக்கும். ஆட்டோ ஒரு பழக்கடைக்காரருடையது. வெளியூர்க்காரர் என்று ஸ்டாண்டில் சேர்க்கவில்லை. அதனால் தனியாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏறுலே" என்றார். எனக்கு மூஞ்சி சுண்டிவிட்டது. என் மனைவி பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தெரிந்தது, மனுஷன் கேரளாவில் சில வருடம் பிளைவுட் கம்பெனியில் இருந்துவிட்டு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஆறு மாதம் மூட்டை தூக்கியிருக்கிறார். அங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். 'ஏறுங்க' என்று சொல்ல அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அதிலிருந்து நான் அண்ணாச்சி, அவள் அக்கா. இரண்டு சீசனாகப் போகவும் வரவும் அவர்தான் எங்களுக்கு.

அவள் உள்ளே மெஷினில் இருக்கும் நேரமெல்லாம் நானும் அவரும் வெளியே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்போம். பாதி மலையாளம், பாதி மார்க்கெட் தமிழில் ஊரைப் பற்றிச் சொல்லுவார். பெரிய ஆற்றுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. ரோடு கிடையாது. காலையில் ஒரு டீசல் படகு, சாயங்காலம் ஒரு படகு. அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போட் வந்தா போகும்" என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் மனைவி அப்போது அந்தத் திட்டில் எட்டு மாதம் முழுகாமல் இருந்தாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் கரையிலிருக்கும் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவதாக ஏற்பாடு.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் சீறி வந்ததால் குளிக்க விடவில்லை. வந்த கூட்டம் போகாமல் அப்படியே நின்றது. அவர் இலஞ்சி வழியாகச் சந்து பொந்தெல்லாம் புகுந்து நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவளை மெஷினில் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்குப் போன் வந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, "அண்ணாச்சி, வெள்ளம்" என்றார்.

அவர் தண்ணீரை எப்போதும் மலையாளத்தில் வெள்ளம் என்றுதான் சொல்லுவார். நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அங்க. வீட்டுக்குள்ள வெள்ளம்" என்றார்.

ஆறு பெருகித் திட்டுக்குள் ஏறிவிட்டது. மனைவிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வலி கண்டுவிட்டது. ஆற்றில் இழுப்பு அதிகம் என்று படகுக்காரர் எடுக்க மறுக்கிறார். போனில் பேசியது அவருடைய அண்ணன். அசாம்காரர் உடனே படகுக்காரருக்குப் போன் போட்டார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கெஞ்சுகிறார் என்பது மட்டும் புரிந்தது. ஸ்டாண்டில் நான் கெஞ்சுவது மாதிரியேதான் இருந்தது.

நான் உள்ளே ஓடி ஒரு நர்ஸைக் கூட்டிவந்தேன். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வருகிறது என்று பாருங்கள் என்றார். அசாம்காரர் அதைத் தன் பாஷையில் அண்ணனுக்குப் போனில் சொன்னார். உள்ளே ஏதோ மெஷின் கத்தவும் நர்ஸ் போய்விட்டார். அந்த மாவட்டத்தின் வெள்ள உதவி நம்பரை என் போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. அதன்பிறகு செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவளை வெளியே கூட்டிவந்தார்கள். நான் வேறு ஆட்டோ பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இருங்கள் என்றேன். அவர் சாவியை எடுத்துவிட்டார்.

"அக்காவ விட்டுட்டு இங்க இருந்தா போட் வருமா, அண்ணாச்சி?"

மேலகரம் தாண்டியதும் வண்டிகள் நகரவில்லை. முன்னால் ஒரு வேன். தலையில் துண்டோடு அதிலிருந்தவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் போன் வந்தது. ஓரம்கட்ட இடமில்லை. நடுரோட்டிலேயே காதில் வைத்துக் கேட்டார். இரண்டு தடவை 'ம்' என்றார். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் மனைவிதான் என்னவென்று கேட்டாள்.

"போட் வந்தது" என்றார். முன்னால் நின்ற வேனைப் பார்த்தபடியே, "போட்ல பிறந்தது. பொண்டாட்டி உண்டு. பாப்பா இல்ல."

பெண் குழந்தையாம். என் மனைவி ஊசி எடுத்துக் கட்டுப்போட்ட கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். அந்தக் கையைத் தூக்கக்கூட அவளுக்கு அப்போது தெம்பு கிடையாது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். முன்னால் வேன் நகர்ந்தது. அவர் கியரைப் போட்டார். வீட்டு வாசலில் எப்போதும்போல அவள் முழங்கைக்கு அடியில் கை கொடுத்துப் படியேற்றிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் அவருக்காகத் தட்கல் டிக்கெட் போட உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, நின்றபோது இடமில்லை என்று வந்தது. சாயங்காலம் பொதுப்பெட்டியில்தான் ஏறினார். சென்னை போய், அங்கிருந்து இன்னும் இரண்டரை நாள். அவள் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் மனைவியிடம் என்ன சொல்லச் சொல்லுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில், "உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு நாங்கள் பட்டபாடு பெரிது. ஒரு சனிக்கிழமை ஆட்டோ கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய முறை போய்விட்டது. மறுநாள் காலையில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்த ஒரே வேலை அதுதான்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். கூட்டமெல்லாம் போய் அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. ஆட்டோவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் பழக்கடைக்காரர். அதற்காக அசாம்காரர் கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கேரளாவில் புனலூர் பக்கம் ஏதாவது வேலை பார்க்கப்போவதாகச் சொன்னார். ஆள் பாதியாகியிருந்தார்.

மனைவியையும் இங்கே கூட்டிவந்துவிடலாமே, மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்று என் மனைவி சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

"கூப்பிட்டேன் அக்கா" என்றார். "வெள்ளம் போயி, திரும்பி வீட்டுக்கு வந்தா. இனி அவ போட்ல ஏற மாட்டா."

வேறு வழியில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். திட்டிலிருந்து வெளியே வர வேறு வழி கிடையாது என்பது ஞாபகம் வந்தது. என் மனைவி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, செங்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.