ஜாபரின் மூன்றாவது மேப்பிள்

தினமும் காலை ஒன்பதரைக்கு மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் ஒரு மண்தொட்டி இறங்குகிறது. ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எல்லாப் பால்கனியிலும் தொங்குகிற, செய்தித்தாளும் காய்கறியும் ஏறி இறங்குகிற கயிறுதான். மேலே கயிற்றை விடுவது மனைவி சஜிதா. கீழே, பர்மியக் கைலியான லோஞ்சி விற்கும் தன் கடை வாசலில் ஜாபர் அண்ணாந்து நிற்கிறார். “மெல்ல விடு, மெல்ல. அதுக்குத் தலை சுத்தும்.”

தொட்டியில் முழ உயர மேப்பிள் கன்று; பர்மாவின் மேற்கே சின் மலைக்காட்டு இனம். படங்களில் வரும் விரல் விரித்த சிவப்பு இலையைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இதன் இலை மாவிலை போல நீளம், அடிப்பக்கம் மட்டும் வெளுப்பு. “இதுவா மேப்பிள்?” என்று கேட்பவருக்கு இலையைத் திருப்பிக் காட்டுவார். “நம்ம நாட்டு மேப்பிள் இப்படித்தான்.” அறுபது வயதாகியும் ஒரு மலை ஏறியிராத மனிதருக்கு இதன்மேல் ஏன் இத்தனை ஆசை என்பது சஜிதாவுக்கே விளங்கவில்லை.

முதல் இரண்டு கன்றுகள் ரங்கூன் வெயிலில் கருகின. அதனால்தான் இதற்குத் தெருநிழல். விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே தம்ளர் தண்ணீர். “இதுவும் போச்சுன்னா விட்டுருவேன். மூணு உசுரக் கொன்னவன்னு பேர் வேணாம்.”

சித்திரை முடிவில் வரும் பர்மியக் கசோன் மாதத்தில் இலைகள் ஓரம் கறுத்துச் சுருண்டன, மண் நாறியது. ஜாபருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுதுவிட்டுச் சீக்கிரம் திரும்பியபோதுதான் சங்கதி புரிந்தது. பௌர்ணமியை ஒட்டி பகோடாவின் அரசமரத்துக்கு நீர் ஊற்றிவரும் தெருப்பெண்கள், குடத்தில் மிஞ்சியதை ‘குதோ’, அதாவது புண்ணியம் என்று இந்தக் கன்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில், ஒவ்வொருவரும் தான் மட்டுமே ஊற்றுவதாக நினைத்து. யாரைத் திட்டுவது?

அழுகிய வேரைத் துணிக்கத்தரியால் வெட்டி, மண்ணை மாற்றினார். தப்பியது ஒரே ஒரு கொப்பு.

“ஊத்தாதீங்கன்னு எழுதி மாட்டுங்க,” என்றார் சஜிதா.

“எப்படி எழுதுறது? மனசாரக் கொண்டாந்து ஊத்துறாங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிரும்.”

இப்போது மதியத் தொழுகையைக் கடையிலேயே முடித்துக்கொண்டு காவல் இருக்கிறார். பௌர்ணமி போயும் தெருவில் பழக்கம் போகவில்லை. நேற்று பக்கத்துக் கட்டடத்து தனபாக்கியம், தெருவே மரியாதையாக ‘டோ’ சேர்த்து அழைக்கும் எழுபது வயதுக்காரர், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“மரம் வாடிக் கெடக்கே தம்பி. கொஞ்சம் ஊத்துறேன். உனக்கும் குதோ, எனக்கும் குதோ.”

குடம் சாய்ந்தது. ஜாபர் தொட்டிக்கு மேல் குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார்.

“எனக்கு ஊத்துங்கக்கா.”

குடம் தீரும்வரை குடித்தார்.