தங்கம் எடுக்கப் போன அப்பா

அப்பா போர்வெல் வண்டி ஆபரேட்டர். மதுரையைச் சுற்றி அவர் துளை போடாத பக்கம் கிடையாது. தண்ணீர் வந்த பக்கம்தான் குறைவு. எழுநூறு அடி வரை இறக்கி, வெறும் புழுதியைக் கிளப்பி, அந்தத் தெருவுக்கே வெள்ளையடித்துவிட்டு ஆனையூருக்குத் திரும்புவார். பாறையைத் திட்ட முடியாது என்பதால் நிலத்துக்காரர்கள் அப்பாவைத் திட்டுவார்கள்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தான்சானியாவில் கிணறு போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். அம்மா தன் தாலிச் செயினை விற்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது.

"ரெண்டே வருஷம். வந்ததும் ரெட்டை வடமா போட்டுருவோம்" என்றார் அப்பா. பால் வாங்கப் போனாலே சொன்ன நேரத்துக்கு வந்து சேராத மனுஷன் அவர்.

எட்டு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தார். ஒரு நாள் அவருடன் வேலை செய்த உள்ளூர் ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. பக்கத்து மக்காச்சோளக் காட்டில் யாருக்கோ தங்கம் கிடைத்துவிட்டதாம். ஒரு வாரத்தில் ஊர் உலகமே அங்கே திரண்டு, சோளத்தட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழி தோண்டியது. அப்பாவும் வண்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"ஆத்தா, அப்பா தங்கம் எடுக்கப் போறேன்" என்று போனில் சொன்னார்.

"எந்தக் கடையிலப்பா?" என்றேன்.

உள்ளூர்க்காரர்கள் மூன்று பேருடன் கூட்டு. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று இந்தியர்களுக்குத் தெரியும் என யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் மறுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா விசாரித்தாள்.

"நாப்பது அடி போயாச்சு" என்றார்.

"தங்கம் வந்துச்சா?"

"தண்ணி வருது."

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, இந்தத் தண்ணீர்ச் செய்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பரப்பினார். "மாப்ள ஆப்பிரிக்காவுல தங்கச் சுரங்கம் வச்சிருக்காப்ல" என்று போகிற கல்யாணத்திலெல்லாம் சொன்னார். விளைவாக, கோச்சடையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே, "பொண்ணுக்கு எம்புட்டுப் போடுவீக?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை விலக்கி மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துவிட்டாள். "அவுக இன்னும் தண்ணிதான் எடுத்துக்கிட்டு இருக்காக. குடம் கணக்குல போடலாம்."

அவர்கள் கிளம்பிய பிறகு மாமா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. பஜ்ஜி மிச்சமானதில் சந்தோஷம்.

அம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. அப்பா வீடியோவில் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெண் தெரிந்தாள். நல்ல உயரம், நல்ல உடம்பு.

"யாருங்க அது?"

"இங்க எல்லாருக்கும் சோறு பொங்குற அம்மா."

"அம்மாவா? உங்களவிடச் சின்னவளா இருக்கா. போனை அவகிட்டக் குடுங்க."

கொடுத்தார். அந்தப் பெண் ஒரு பெரிய பாத்திரத்தில் சோளமாவைக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள். சண்டைக்குத் தயாராக இருந்த அம்மா அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனாள். "அடியே, இது நம்ம களிதான. கட்டி தட்டப்போகுது, வேகமாக் கிண்டு" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ என்னவோ, வேகமாகக் கிண்டினாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் பேசினார்கள். அம்மா தமிழில் பேசுவாள், அவள் சுவாஹிலியில் பேசுவாள். இரண்டு பக்கமும் ஆண்களைத் திட்டுவது மட்டும் தெளிவாகப் புரிந்தது. அப்பாவின் வேலை போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அப்பாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்தான். முகமெல்லாம் சேறு. கேமராவைத் திருப்பினாள். அப்பாவின் குழி இருந்த இடத்தில் குழி இல்லை, சேறும் சரிந்த மரக்கட்டைகளும்தான் கிடந்தன. நாற்பது ஐம்பது பேர் மண்வெட்டியும் வாளியுமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போனை வைக்காத. வைக்காத, தாயி" என்று அதையே சொன்னாள். அந்தப் பெண்ணும் "சுபிரி, சுபிரி" என்று அதையே சொன்னாள். எங்களுக்கு அது யாரோ ஒருவரின் பெயர் மாதிரி கேட்டது. 'பொறு' என்று அர்த்தமாம், பிறகு தெரிந்தது.

இணைப்பு அறுந்தபோதெல்லாம் அவள் திரும்பக் கூப்பிட்டாள். முந்தின நாள்தான் நான் அப்பாவிடம், "உங்களுக்கு மேல ஏறவே வராதாப்பா, எப்பப் பார்த்தாலும் கீழதானா?" என்று கேலி செய்திருந்தேன். செய்தி கேட்டு ஓடிவந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

இரண்டு மணிக்குப் பிறகு அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. படம் ஆடியது, வானம் தெரிந்தது, யார் யாருடைய கால்களோ தெரிந்தன. பிறகு சேற்றில் செய்து வைத்த பொம்மை மாதிரி ஒரு உருவத்தைத் தூக்கி வந்தார்கள். அந்தப் பெண் அதன் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். உள்ளிருந்து அப்பா வந்தார். இருமினார்.

"ஏங்க" என்றாள் அம்மா.

"கால் போச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"போனாப் போகுது. மிச்சத்தோட வாங்க."

கால் போகவில்லை, இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அதுவரை கிடைத்திருந்த கொஞ்சத் தங்கத்தில் அப்பாவின் பங்கை விற்று, ஆஸ்பத்திரியையும் விமான டிக்கெட்டையும் அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தவரை மாமா கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்த கையோடு, "கொஞ்சம்கூடக் கொண்டு வரலையா, மாப்ள?" என்று காதில் கேட்டார்.

அப்பா இப்போது வில்லாபுரத்தில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறார். லேசாக நொண்டுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்குக் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மாவிடம் சொல்ல மாட்டார். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இன்றும் நடக்கிறது. போன் பிடிக்கும் வேலைகூட அப்பாவுக்கு இல்லை.

சென்ற மாதம் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணம். அம்மா விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி, அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துத் தபாலில் அனுப்பினாள். கல்யாணப் போட்டோ வந்தது. அந்தப் பெண் சேலையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தலையில் பெரிய முண்டாசாகக் கட்டியிருந்தாள்.

"முழுச் சேலைய ரெண்டா வெட்டிட்டாளே" என்று அம்மா புலம்பினாள். பிறகு போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னொரு பாதி எங்கடி?"

தேடினோம். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண்ணின் தோளில் கிடந்தது.