விமானத்தில் டீசல் இருக்கிறதா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில் நானும் என் கணவரும் முதல்முறையாக விமானம் ஏறினோம், திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு. அங்கே நர்ஸாக இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம்.

எங்களுக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம் பக்கம். அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். எந்தக் கடலுக்கும் அஞ்சாத மனுஷன், விமானம் என்றதும் நீ மட்டும் போ என்று ஒதுங்கிக்கொண்டார். வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான்தானே, டிக்கெட்டை எடுத்து விரித்தேன். காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு துபாய். வெறும் இரண்டரை மணி நேரம், நாகர்கோவில் போய்த் திரும்புகிற நேரம்தான் என்று அடித்துச் சொன்னேன். மகள் போனில் நாலு மணி நேரம் ஆகும் என்றாள். ஏர்போர்ட்டில் காத்திருப்பதையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று நானே அதற்குப் பொருள் சொல்லிவிட்டேன். அந்த இரண்டரையை நம்பித்தான் அவர் கிளம்பினார்.

விமானம் கிளம்பியது முதல் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை ஆனது. கீழே கடல். பன்னிரண்டு ஆனது. அப்போதும் கடல். ஜெபமாலை கைக்கு வந்துவிட்டது. நானும் டிக்கெட்டை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன், அதே பதினொன்றரைதான்.

"ஏட்டி, டிரைவருக்கு வழி தெற்றிட்டு. ரெண்டரை மணிக்கூருக்குத்தானே டீசல் அடிச்சிருப்பான்?" என்றார்.

வழி தவறிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார். படகில் போகிற தூரத்துக்குக் கணக்காக டீசல் ஏற்றியே பழகியவருக்கு வேறென்ன தோன்றும்? பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அதையே கேட்டும்விட்டார். தமிழ் தெரியாத அந்தப் பெண் திருதிருவென விழித்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த மலையாளி அம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் நேரம், இறங்கும் நேரம் துபாய் நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். எண்ணெய் தாராளமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

என் மானம் அந்த விமானத்திலேயே கப்பலேறியது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஜெபமாலையைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே கீழே கடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வாறேன்னு சொல்லிட்டு நான் ஞாயித்துக்கிழமை வந்தா, கரையில உனக்கும் இப்பிடித்தான் இருக்குமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். திரும்பும் டிக்கெட் ஐந்தரை மணி நேரம் காட்டியது. இந்த முறை நான் கணக்குப் போடவில்லை. அதுவும் நாலுதான் என்று அவரே பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டு வந்தார்.

இப்போதெல்லாம் கடலில் தாமதமானால், முந்திக் கரைக்கு வரும் படகுக்காரர்களிடம் எனக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிடுகிறார். முப்பது வருடமாக நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, நான் தப்பாகப் போட்ட ஒரு கழித்தல் அவருக்குச் சொல்லிவிட்டது; அந்தத் தப்பை நினைத்தால் எனக்கு இப்போது வெட்கம் வருவதில்லை, சந்தோஷம்தான் வருகிறது.