முன் சீட்டுக்காரி

கண்ணாடி துடைத்தாயிற்று. அடுத்து ஸ்டியரிங். மஞ்சள் துணியை நாலாக மடித்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைக்கிறார். ஓடாத டாக்சிக்கு இத்தனை சீராட்டு. சாவி மருமகனிடம் இருக்கிறது. அதைச் சொன்னாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்.

ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'ஷார்ட்கட்'. ஊரே நெரிசலில் முழி பிதுங்கி நிற்கும்போது, அவர் எந்தச் சந்தில் நுழைந்து எப்படி வெளியே வந்தார் என்று யாருக்கும் பிடிபடாது. "ரோடெல்லாம் மண்டைக்குள்ள இருக்குங்க" என்று பெருமை அடித்துக்கொள்வார். அந்த மனிதர்தான் இப்போது குளிக்கக் கிளம்பி, சமையலறையில் போய் நின்று திருதிருவென்று விழிக்கிறார். "மூளை சுருங்கிட்டே வருதும்மா. போனது திரும்பாது" என்று டாக்டர் மனைவியிடம் கைவிரித்துவிட்டார்.

அவள் பயமெல்லாம் ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. கல்யாணமான நாள் முதல் 'வாடி', 'போடி'தான். "நாலு பேர் முன்னாடியாவது மரியாதையா கூப்பிடக் கூடாதா?" என்று சண்டை போட்டு அலுத்துவிட்டாள். "வாங்க போங்க எல்லாம் சவாரிக்கு வர்றவங்களுக்கு. நீ என் வீட்டுக்காரிடி" என்று சிரிப்பார்.

போன மாதம் தண்ணீர் கொண்டுபோனபோது, "அங்க வைங்க" என்றார். "அப்பாவுக்கு இப்பதான் மரியாதை தெரிஞ்சிருக்கு" என்று மகள் சிரித்தாள். இவள் டம்ளரை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள். மறுநாள் 'டி' திரும்பி வந்தது. பிறகு வருவதும் போவதுமாக இருந்தது. இப்போது ஒரு வாரமாக ஆளையே காணோம். எரிச்சலில் ஒரு தடவை 'போடி' என்று திட்டினால்கூடப் போதும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காலையில் கொஞ்ச நேரம் காரில் அவரோடு உட்கார்ந்தால் அன்று முழுக்க அடம் பிடிக்க மாட்டார். இன்றும் வந்து, வழக்கம்போல் முன்கதவில் கை வைத்தாள்.

"பின்னாடி ஏறிக்குங்கம்மா" என்றார், பணிவாக. "இது என் வீட்டுக்காரி உக்கார்ற எடம். வேற யாராவது உக்காந்தா கோவிச்சுக்குவா."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "எங்க போயிருக்காங்க?"

"தெரியலைங்க. இப்ப வந்துடுவா."

அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் துணியை உதறி, காலியாக இருந்த முன் சீட்டை இன்னொரு முறை துடைத்துவிட்டார்.