மன்னிப்பு கேட்காத மேஸ்திரி

இரண்டு வருடங்களுக்கு முன், காப்பிப் பழம் பறிப்பு முடிந்திருந்த சமயம். நாகலூர் பக்கம் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் எஸ்டேட்டுக்குச் சேலத்திலிருந்து ஒரு நாடகக் குழு வந்தது. இங்கே நடந்த ஒரு சம்பவத்தை எங்களையே நடிக்க வைக்கப் போவதாகச் சொன்னார்கள். எந்தச் சம்பவம் என்று கேட்டேன். ஒரு தொழிலாளியின் கால் உடைந்த கதை என்றார்கள்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. கூலி உயர்வு கேட்டு வேலைக்கு வராமல் நின்ற ஒருவரை, அப்போது ஆட்களை வேலை வாங்கிய மேஸ்திரி தடியால் அடித்துக் காலை உடைத்துவிட்டார். குடித்துவிட்டுப் பாறையில் விழுந்ததாக ஊருக்குச் சொல்லி மூடிவிட்டார்கள். அடிபட்டவர் வீட்டார் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்த மேஸ்திரி என் அப்பா. அவரும் அடிபட்டவரும் இப்போது உயிரோடு இல்லை. உண்மையை அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாய் திறந்ததே இல்லை.

கால் உடைந்தவரின் மகள் எங்கள் எஸ்டேட்டில்தான் வேலை செய்கிறார். குழுவிடம் நடந்ததைச் சொன்னதும் அவர்தான். நாடகத்தில் தன் தாயாக அவரே நடித்தார். மேஸ்திரி வேடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நான் யார் மகன் என்று தெரிந்தே அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, நீங்க நடிக்கறீங்களா?"

மறுக்க முடியவில்லை. ஆனால் ஒத்திகையில் நானாகவே ஒரு வசனம் சேர்த்தேன். அடித்த பிறகு மேஸ்திரி அழுதுகொண்டே மன்னிப்பு கேட்பார். குழுவினருக்கு அது பிடித்துப்போனது. அந்தப் பெண் மட்டும் தலையை ஆட்டி மறுத்தார்.

"அவரு மன்னிப்பெல்லாம் கேக்கலீங்க. எங்கப்பன் சாகற வரைக்கும் அதுக்குத்தான் காத்துக் கெடந்தாரு. நடந்தத நடந்தாப்பல காட்டுங்க, போதும்."

சுரீரென்றது. அப்பாவை நல்லவராக்கத்தான் அந்த வசனத்தை எழுதினேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதை எடுத்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து சர்ச் ஹாலில் நாடகம். தடியை ஓங்கினேன். நடந்ததை நடந்தபடியே காட்டினோம். முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவரு குடிச்சுட்டு விழுகலீங்க. எங்கப்பாதான் அடிச்சாரு. எனக்கு நொம்ப நாளாத் தெரியுமுங்க."

முன்வரிசையில் என் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது எழுந்து ஏசுவார்கள், நாளை முதல் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் மேடையிலேயே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எங்கப்பன் குடிகாரன் இல்லீன்னு எம் பசங்க இன்னைக்குக் கேட்டுட்டாங்க. அது போதுமுங்க எனக்கு" என்றார். பிறகு, "ஏனுங்க, நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க" என்று தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் முழு மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அப்பா மீது எனக்குள்ள பாசம் இன்றும் குறையவில்லை. அவர் செய்ததை ஒளித்து வைத்துக்கொண்டு பாசம் காட்ட வேண்டியிருந்த பாரம் மட்டும் அந்த மேடையிலேயே இறங்கிவிட்டது.