மேரியக்காவின் கதவுநிலை

எங்கள் கடலோர ஊரான பொழியூரில் அலை வீடுகளை இழுத்துக்கொண்டுபோன வாரம், தடுப்புச்சுவர் கேட்டு வில்லேஜ் ஆபீஸ் முன்னால் கூடினோம். ஜன்னல் உடைந்தால்தான் சர்க்காருக்குக் காது கேட்கும் என்று நம்பியவன் நான், கல்லை ஓங்கிவிட்டேன். வீடிழந்த மேரியக்கா என் கையைப் பிடித்தாள்.

“எலே, நீ ஒடைச்சா நாளைக்குப் பேப்பர்ல கண்ணாடியாக்கும் வரும். எனக்க வீடு வராது.”

பிறகு பெண்கள் சிலர், அலையிலிருந்து மீட்ட அவள் வீட்டுக் கதவுநிலையைத் தூக்கிவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போக வேறு வழியில்லை. வேலைக்கு வந்து, அந்த நிலைக்குள் குனிந்து நுழையப்போன அதிகாரி அப்படியே நின்றார்.

“இந்த வீடு எங்கே?”

“வாருங்க சாரே, தண்ணிக்குள்ள காட்டுதேன்.”

அவர் மேரியக்காவின் பின்னால் கடலை நோக்கி நடந்தார்.

சுவர் இன்னும் பாதிதான் எழும்பியிருக்கிறது. இருந்தாலும், போராட்டம் என்று யார் சொன்னாலும் ஓர் அதிகாரியைக் கடல்வரை நடக்கவைத்த அவள்தான் எனக்கு நினைவில் வருகிறாள்.