மாரியாயி கடைத் தண்ணீர்ப் பானை

காலரா பரவிய வருடம், மலேசியாவின் ஜெராம் ஊரில் இருந்த சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் மூன்று வாரம் மூடச் சொன்னார்கள். மாரியாயி அக்காள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. தன் கடையில் நோய் எந்த வழியாக நுழையும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் வாசல் தண்ணீர்ப் பானையில் வந்து நின்றாள். குவளையோடு கையையும் முக்கி மொள்ளுவதுதான் எங்கள் தோட்டத்துப் பழக்கம். அகப்பை வைத்தாலும் எவனும் தொடமாட்டான்.

கடை திறந்த அன்று பானையில் கொதித்து ஆறிய தண்ணீர். மேலே மூடி, பக்கத்தில் நீளப்பிடி அகப்பை. முதல் ஆளாக வந்த தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் உடையப்பன், பழக்க தோஷத்தில் மூடியைத் தூக்கிக் கையை விட்டார். அக்காள் பானையை எடுத்துப்போய்ச் சாலையோரம் கவிழ்த்தாள்.

“ஏம்மா, நான் என்ன சீக்காளியா?” என்றார் மண்டோர்.

“யாரு சீக்காளின்னு மூஞ்சியில எழுதியிருக்காதுலா அண்ணே. மறுபடியும் கொதிக்கட்டும், உக்காருங்க.”

தண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் சோறு ஆறிப்போனது. அதற்குள் சாப்பிட வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் மண்டோர் சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை அக்காளிடம் விரித்துக் காட்டினார். பிறகு பானைக்கருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் அவரே அகப்பையால் மொண்டு ஊற்றினார்.